படப்பொருள் விளக்கம்

பாயிரம்

நூல் என்று எழுத உட்கார்ந்தால் முதலில் பாயிரம் சொல்லியாக வேண்டும். நன்னூலார் அதில் எட்டுச் செய்திகள் கேட்கிறார். ஒவ்வொன்றாகத் தருவோம். ஆக்கியோன், இக்கட்டுரையாளன். வழி, தொல்காப்பியப் பொருளதிகாரம். எல்லை, வேடந்தாங்கல் ஏரிக்கரையும் அங்கிருந்து 600 மில்லிமீட்டர் லென்ஸ் எட்டும் தூரமும். நூற்பெயர் மேலே உள்ளது. யாப்பு, உரைநடை. நுதலிய பொருள், பறவையையும் பட்டாம்பூச்சியையும் பார்த்தலும் படம் எடுத்தலும். கேட்போர், ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் எழுந்து வீட்டில் யாரையும் எழுப்பாமல் கதவைச் சாத்தத் தெரிந்தவர்கள். பயன், அறம் பொருள் இன்பம் வீடு. இவற்றுள் பொருள் மட்டும் வருவதற்குப் பதிலாகப் போகும்.

பழந்தமிழர் வாழ்க்கையை ஐந்து திணைக்குள் அடக்கிய இலக்கணிகள் கேமராவைக் கண்டதில்லை. ஆயினும் பறவைப் படக்காரனின் ஒவ்வொரு அசைவுக்கும் அவர்கள் முன்கூட்டியே விதி எழுதிவைத்திருக்கிறார்கள் என்பதை நிறுவுவதே இந்நூலின் நோக்கம்.

முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள்.

நிலம் வேடந்தாங்கல். சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். செங்கல்பட்டு மாவட்டம், மதுராந்தகம் வட்டம். ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர். தண்ணீருக்குள்ளேயே நீர்க்கடம்பும் கருவேலும் நிற்கின்றன. பறவைகள் அவற்றின் மேல் கூடு கட்டுகின்றன. கரைக்கும் கூட்டுக்கும் நடுவே தண்ணீர் கிடக்கிறது. சம்பளம் வாங்காத காவலர் அந்தத் தண்ணீர்தான். சுற்றிலும் நெல்வயல். எனவே ஐயமின்றி மருதம்.

பெரும்பொழுது ஆறனுள் கூதிர், முன்பனி, பின்பனி மூன்றும் இதற்கு உரியவை. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பினால் நவம்பர் வாக்கில் பறவைகள் வரும். மார்ச் வரை முட்டையும் குஞ்சுமாகக் குடித்தனம் நடக்கும். மழை பொய்த்தால் பறவை வராது. பறவை வராத ஆண்டிலும் படக்காரன் வருவான். அவனுக்குப் பருவமழை தேவையில்லை, ஞாயிற்றுக்கிழமை போதும்.

சிறுபொழுது இரண்டு. ஒன்று விடியல், மற்றொன்று எற்பாடு. சூரியன் தாழ்ந்து ஒளி பக்கவாட்டில் விழும்போது இறகின் ஒவ்வொரு இழையும் தெரியும். மாலையில் இன்னொரு வசதியும் உண்டு. சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும் மேயப் போன கூட்டமெல்லாம் வரிசை வரிசையாகத் திரும்பும். நண்பகல் பாலைக்கு உரியது. அப்போது எடுக்கும் படத்தில் வெள்ளைப் பறவைக்கு முதுகு இருக்காது, வெளிச்சம் மட்டுமே இருக்கும்.

கருப்பொருள்

தெய்வம்: ஒளி. மேகம் மூடினால் தெய்வக் குற்றம்.

உணா: மேல்மருவத்தூர்ப் பக்கத்து ஓட்டலில் கட்டிய இட்லிப் பொட்டலம்.

யாழ்: ஷட்டர் ஓசை. கண்ணாடியில்லாத புதுக் கேமராக்களில் இந்த யாழையும் ஊமையாக்கிவிடலாம்.

பறை: உடன் வந்தவரின் அலைபேசி. பறவை தலையைத் திருப்பிச் சரியான கோணத்தில் நிற்கும்போதே ஒலிக்கும்.

தொழில்: பின்னணியை மங்கலாக்குதல். இது சற்று விளக்கத்துக்குரியது. அகப்பாட்டில் மனிதர் முன்னே நிற்பர். நாரையும் குருகும் பின்னே இருந்து அவர்களின் மனநிலையைச் சொல்லிக்கொண்டிருக்கும். படப்பொருளில் இது தலைகீழ். பறவை முன்னே நிற்கும், பின்னால் உள்ள அனைத்தும் கரைந்து ஒரே பச்சையாகிவிட வேண்டும். எவ்வளவுக்கெவ்வளவு கரைகிறதோ அவ்வளவுக்கவ்வளவு லென்ஸின் விலை அதிகம். இலட்சக்கணக்கில் செலவழித்துக் கரைத்த அந்தப் பச்சை என்ன என்று கேட்டால் படக்காரனுக்குத் தெரியாது. அது நெல்வயல். அதைப் பற்றிப் பின்னர் உரைப்பாம்.

கருவிக்கும் வரலாறு உண்டு. இங்கிலாந்தின் கியர்டன் சகோதரர்கள் 1892இல் முட்டைகளோடு கூடிய பறவைக் கூட்டைப் படமெடுத்தார்கள். பின்னர் பறவையை ஏமாற்றுவதற்காக உள்ளே குடைந்த மாட்டுத்தோல் பொம்மை ஒன்றைச் செய்து, அதன் வயிற்றுக்குள் கேமராவோடு புகுந்துகொண்டார்கள். அவர்களது வழித்தோன்றல்கள் இன்று காட்டு இலை அச்சிட்ட சட்டை, காட்டு இலை அச்சிட்ட தொப்பி, காட்டு இலை அச்சிட்ட லென்ஸ் உறை சகிதம் கரைமேல் போட்ட நடைபாதையில், சிவப்புச் சேலையும் மஞ்சள் பலூனுமாக வந்த குடும்பங்களின் நடுவே நிற்கிறார்கள். பறவைகளின் நிறப்பார்வை நம்முடையதைவிட விரிவானது. அவற்றுள் பல புற ஊதா நிறத்தையும் காணும். எனவே இந்த மாறுவேடத்தால் ஏமாறுபவர் பலூன்காரர் ஒருவரே. வாடிக்கையாளர் நிற்பது அவருக்குத் தெரிவதில்லை.

நம் பக்கத்தில் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கேமரா உடலையும் லென்ஸையும் தாமே இணைத்துச் செய்த ஒரு கனத்த கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்து, கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் 1996இல் இறக்கும் வரை இயற்கைப் பத்தி எழுதினார். படத்துக்குக் கீழே சொல்ல ஏதாவது இருக்க வேண்டும் என்று நினைத்த தலைமுறை. இன்று அந்த இடத்தில் ஒரு சிவப்பு இதயக்குறி போதுமானதாகிவிட்டது.

உரிப்பொருள்

நிலம் மருதமானதால் ஊடல் ஒன்றே இதற்கு உரியது என்பாரும் உளர். அற்றன்று. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து உரிப்பொருளும் வந்து கலக்கும். இதனைத் திணைமயக்கம் என்று கொள்க.

இருத்தல். முல்லைத் தலைவி கார்காலம் வரை காத்திருந்தாள். படக்காரன் நீர்க்காகம் தலையைத் திருப்பும் வரை காத்திருக்கிறான். இக்கலையில் ஆசான் மடையான். வரப்போரத்தில் தவிட்டு நிறத்தில் ஒரு மண்கட்டியாகக் கிடக்கும். கால்மணி நேரம் ஆனாலும் கழுத்தைக்கூட அசைக்காது. மீன் வந்ததும் ஒரே குத்து. படக்காரன் அந்தக் கால்மணி நேரமும் விரலைப் பொத்தான்மேல் வைத்திருப்பான். குத்துகிற நொடியில் மட்டும் மூக்கைச் சொறிந்துகொண்டிருப்பான்.

புணர்தல். பறவையின் கண்ணும் கேமராவின் குவியப் புள்ளியும் ஒன்றாதல். இடையில் ஒரு சுள்ளி இருந்தால் கருவி சுள்ளியையே மணக்கும். பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் கேமராக்கள் வந்துவிட்டன. அவை சிலசமயம் இலையின் ஓட்டையையும் கண் என்று நம்பும். இக்கூட்டத்துக்குப் பெரிதும் ஒத்துழைக்கும் பறவை பாம்புத்தாரா. உடலை நீருக்குள் மறைத்து, கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும். ஈட்டியான அலகால் மீனைக் குத்தி, மேலே வீசி, தலைப்பக்கமாக விழுங்கும். அதன் இறகு தண்ணீரை உறிஞ்சிக்கொள்வது. ஆகவே குளித்தபின் கிளையில் ஏறிச் சிறகிரண்டையும் விரித்து உலர்த்தியாக வேண்டும். படக்காரன் இதைத் தனக்காகக் கொடுத்த தோற்றம் என்று எடுத்துக்கொள்வான்.

ஒத்துழைத்தும் பழி வாங்குவது நத்தைகுத்தி நாரை. அதன் மேலலகும் கீழலகும் நுனியில் சேரும், நடுவில் சேராது. அங்கே ஒரு சிறு இடைவெளி. ஆப்பிள் நத்தையை ஓட்டிலிருந்து பிரித்தெடுக்க ஏற்ற அலகு. இளங்குஞ்சுக்கு இந்த இடைவெளி இராது. வளர வளரத்தான் வரும். புதிதாக வந்த படக்காரன் நூறு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "வாயை மூடினாப்பல ஒண்ணுகூட விழலையே" என்று வருந்துவான். அதற்கு அவனிடம் யாரும் பதில் சொல்லக் கூடாது என்பது மூத்த படக்காரர்களிடையே நிலவும் எழுதாச் சட்டம்.

பிரிதல். பறவை போய்விடும். பல பறவைகள் எழும்புமுன் சற்றுக் குனிந்து எச்சமிட்டு எடையைக் குறைத்துக்கொள்ளும். அனுபவசாலி அதைக் கண்டதும் ஷட்டர் வேகத்தை நொடியில் 2000இல் ஒரு பங்குக்கு ஏற்றிக்கொள்வான். அனுபவமில்லாதவன் முகத்தைச் சுளிப்பான்; அவனுக்குக் கிடைப்பது வாலும் இரண்டு காலும். இந்தச் செயலை இரு சாராரும் கவனித்த அளவுக்கு, அந்த எச்சம் எங்கே விழுந்தது என்பதை யாரும் கவனித்ததில்லை.

ஊடல். தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே நிகழ்வதன்று. இரண்டு படக்காரர்களுக்கு இடையே நிகழ்வது. ஊடற்பொருள், பெரும்பாலும் வெள்ளைக் கொக்கு. கறுத்த அலகும் மஞ்சள் பாதமும் இருந்தால் சின்னக் கொக்கு என்பதில் சண்டையில்லை. மற்ற இரண்டில்தான் வழக்கு. வாய்ப்பிளவின் கோடு கண்ணுக்குப் பின்னாலும் நீண்டால் பெரிய கொக்கு. கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு.

"இது பெருசு சார்."

"நடுத்தரம்ங்க. கோடு கண்ணோட நிக்குது பாருங்க."

"எங்க நிக்குது? அது நிழல் சார்."

பெரிதாக்கிப் பார்ப்பார்கள். கோடு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் படம் கலங்கியிருக்கும். இதற்குள் அந்தக் கொக்கு பக்கத்துக் கரிக்கிலி ஏரிக்குப் போயிருக்கும்.

இரங்கல். இரவில், கணினி முன்னால். நொடிக்கு 20 படம் எடுக்கும் கருவியைப் பத்து நொடி அழுத்தினால் 200 படம். ஒரு கூழைக்கடா தண்ணீரில் இறங்கி நிற்பதற்குள் இவ்வளவும் ஆகிவிடும். நெய்தல் தலைவி கடலைப் பார்த்து இரங்கினாள். இவன் அழிக்கும் பொத்தானைப் பார்த்து இரங்குகிறான். அழிக்க மனம் வராமல் இன்னொரு வன்தட்டு வாங்குகிறான். இந்த இரங்கலுக்கு முடிவில்லை. 36 படத்தோடு தீர்ந்துபோகும் சுருள் இருந்த காலத்தில் இத்துறை இவ்வளவு விரிவு பெற்றிருக்கவில்லை.

பூச்சியியல்

பட்டாம்பூச்சி வேறு திணை. பறவைக்குத் தூரம் பகை. இதற்குப் படக்காரனின் நிழலே பகை. நிழல் மேலே விழுந்த கணத்தில் எழுந்துவிடும். உடற்சூட்டை வெயிலிடமிருந்து கடன் வாங்கும் உயிர் ஆதலால், காலையில் சிறகை விரித்து வெயில் காயும். அந்த வேளையே படத்துக்கு உகந்தது. ஈர மணலில் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சுபவை பெரும்பாலும் ஆண்கள். உப்பைச் சேர்த்துவைத்து, கூடும்போது பெண்ணுக்குச் சீராகக் கொடுப்பார்கள். சீர் கொண்டுவரும் பொறுப்பை மாப்பிள்ளை வீட்டார் தலையில் வைத்த சமூகம் இது ஒன்று உண்டு என்பதைச் சான்றோர் குறித்துக்கொள்க.

வெந்தய வரியன் அவசரமில்லாமல் பறக்கும். புழுப் பருவத்தில் எருக்கிலை தின்று உடம்பில் நஞ்சைச் சேர்த்துக்கொண்டதால் அதைத் தின்னப் பறவைகளுக்கு மனம் வராது. ஆகவே ஓட வேண்டிய தேவையில்லை. புதிய படக்காரரின் முதல் நல்ல பட்டாம்பூச்சிப் படம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். திறமை எருக்கஞ்செடியினுடையது.

கறிவேப்பிலை அழகியிடம் ஏமாறாதவர் இல்லை. இதன் பெண்களில் ஒரு வகை, ரோஜா அழகியின் சிவப்புப் புள்ளிச் சிறகை அப்படியே நகல் எடுத்திருக்கும். ரோஜா அழகி ஆடுதின்னாப்பாளையை உண்டு நஞ்சானது. நகல் எடுத்ததோ நம் வீட்டுக் கொல்லைக் கறிவேப்பிலையைத் தின்று வளர்ந்த சாது. சிறகைப் பார்க்காமல் உடம்பைப் பாருங்கள். அசலுக்கு உடம்பு சிவப்பு, நகலுக்குக் கறுப்பு. உடையை மாற்றியவள் உடம்பை மாற்ற மறந்துவிட்டாள்.

2019இல் தமிழ்நாடு அரசு தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. அவர் மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர். செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிக்கரையில் அவரைத் தேடி அலைய வேண்டாம்.

மாந்தர்

அகத்திணையில் மாந்தருக்குப் பெயர் சொல்லக் கூடாது என்பது விதி. படப்பொருளில் தலைவன் தன் பெயரைப் படத்தின் மூலையில், சிலசமயம் பறவையின் வயிற்றுக்குக் குறுக்கேயே, பொறித்துக்கொள்வான். இது விதிவிலக்கு.

தலைவி, பறவை. பேச மாட்டாள்.

பாங்கன், முக்காலி தூக்கி வரும் நண்பன். ஒருமுறைதான் வருவான்.

தோழி, வனக் காவலர். தலைவனைக் கிட்ட நெருங்கவிடாமல் தள்ளி நிறுத்துவதைச் சேட்படுத்தல் என்பார்கள். தோழியின் தலையாய கடமை அது. "சார், கயித்தைத் தாண்டாதீங்க", "அண்ணே, கல்லு எறிஞ்சு பறக்கவிட்டு எடுக்குற வேலையெல்லாம் இங்க வேணாம்ணே" என்பன சேட்படைக் கிளவிகள்.

களவு அகத்தில் ஒழுக்கம், படப்பொருளில் குற்றம். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு, எதிரி வந்துவிட்டான் என்று பறவையைப் பதறவைத்து அழைத்தல்; பட்டாம்பூச்சியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து பூவில் உட்காரவைத்தல்; கூட்டை மறைக்கும் கிளையை ஒதுக்குதல். இவற்றுள் கடைசியானதே கொடியது. உச்சி வெயிலில் நாரை சிறகை விரித்து நின்று குஞ்சுக்கு நிழல் தரும். ஆள் நெருங்கி அது எழுந்துபோனால், வெயில் முதலில் வரும், காகம் அடுத்து வரும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதை 'வேட்டை' என்ற சொல்லின் பொருளுக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆகவே கூட்டை நெருங்கியவனின் கையில் என்ன கருவி இருந்தது என்று சட்டம் கேட்காது. படக்காரன் என்று உள்ளே போனவன் வேடனாக வெளியே வருவான்.

எஞ்சியவர் செவிலி. அகப்பாட்டில் தலைவியை வளர்த்து ஆளாக்கியவள் செவிலி. இங்கே செவிலி, ஊர்.

மேலே உரைப்பாம் என்றது இதனையே. மரத்தின்மேல் ஆயிரக்கணக்கில் பறவைகள் இருந்தால் கீழே தண்ணீரில் எச்சம் விழுந்துகொண்டே இருக்கும். எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. அந்தத் தண்ணீர் மதகு வழியே வயலுக்குப் போகிறது, வயல் விளைகிறது. வேதியியல் வருமுன்பே இந்தக் கணக்கு வேடந்தாங்கல் உழவருக்குத் தெரிந்திருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட வந்தபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், பறவையைச் சுடக் கூடாது என்று ஊருக்குக் கௌல், அதாவது எழுத்து உறுதி, எழுதிக் கொடுத்தார். காட்டுயிர் பற்றிய கரிசனம் என்ற சொற்றொடர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு, எருவின் பேரில் எழுதப்பட்ட பாதுகாப்புச் சட்டம் அது. சரணாலயம் என்ற அரசு அங்கீகாரம் 1936இல் வந்தது. ராம்சர் ஈரநிலப் பட்டியலில் 2022இல் சேர்ந்தது. இவை எல்லாம் ஊர் செய்துவைத்த வேலைக்குப் பின்னால் ஒட்டிய முத்திரைகள்.

சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவைகள் மிரண்டுபோகும் என்பதே காரணம். பிள்ளைகளுக்கு வெடி வாங்கித் தராத அந்தத் தகப்பன்மாரில் ஒருவர் பெயரும் எந்தப் படத்தின் மூலையிலும் இல்லை.

ஆக, படக்காரன் இலட்சம் செலவழித்து மங்கலாக்கிய பச்சைதான் அந்தப் பறவை அங்கே இருப்பதற்கான காரணம். பறவை வயலுக்கு எரு கொடுத்தது. வயல்காரர் பறவைக்கு அமைதி கொடுத்தார். இந்தக் கொடுக்கல் வாங்கலில் படக்காரன் கொடுத்தது நுழைவுக் கட்டணம்.

புறனடை

கூறாதன இருப்பின் கூறியவற்றைக்கொண்டு உணர்க. நூலின் முடிவில் இவ்வாறு சொல்லிவிட்டால் ஆசிரியன் மேல் குற்றம் இல்லை. ஆயினும் வாசகருக்கு நான்கு வார்த்தை.

பறவை செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு உங்களைப் பார்த்தால், நீங்கள் நிற்க வேண்டிய இடம் இரண்டடி பின்னால். எடுத்ததை அழிக்க மனம் வரவில்லையெனில், பார்த்ததையாவது எழுதிவையுங்கள்: தேதி, இடம், எத்தனை பறவை, என்ன செய்துகொண்டிருந்தது. கார்னெல் பல்கலைக்கழகம் சார்ந்து 2002இல் தொடங்கிய இ-பேர்ட் தளத்திலும், பொங்கல் நாள்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும் காகத்துக்கும் மைனாவுக்கும் இடம் உண்டு. அவற்றை விட்டுவிட்டு அபூர்வப் பறவையை மட்டும் எழுதிய பட்டியலால் ஆராய்ச்சிக்காரருக்குப் பெரிய பயனில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றைக் கேமரா இல்லாமல், ஒரு பைனாகுலரோடு கழித்துப் பாருங்கள். மடையான் மீன் குத்துவதை அப்போதுதான் முழுதாகக் காண்பீர்கள்.

திரும்பும்போது வயல் பக்கம் நின்று, அங்கே வேலை செய்பவரிடம் இந்த ஆண்டு ஏரித் தண்ணீர் எப்படி, விளைச்சல் எப்படி என்று கேளுங்கள். அடுத்த ஆண்டு பறவை வருமா என்பதற்கு உங்கள் லென்ஸைவிட அவரிடம் நம்பகமான பதில் இருக்கும்.